கனவில் வந்தவர்கள் உள்ளே போகலாம்

என் கனவுகள் எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. காலையில் முகம் கழுவுவதற்குள் போய்விடும். ஆனால் அவள் கண்ட கனவுகள் இந்த வயதிலும் அப்படியே இருக்கின்றன. "யாரோ கண்ட கனாவை நீ ஏம்மா தூக்கிகினு திரியறே?" என்று என் மகள் கேட்கிறாள். என்ன செய்ய? அந்தக் கனவுகளில் நானும் இருந்தேனே!

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். தண்டையார்பேட்டைக் கடலைக் குடோனில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. வயசில் மூத்தவர்களுக்கும் அவள் யக்காதான். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்துக்கு ட்ராம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வேர்க்கடலைப் பருப்பு ரயில் வேகனில் வந்து எங்கள் குடோனில் இறங்கும். நாங்கள் பெண்கள் வரிசை வரிசையாகக் கோணியை விரித்து உட்கார்ந்து, முறத்தில் அள்ளி, சொத்தையையும் கல்லையும் பொறுக்கி எறிவோம். நல்ல பருப்பு மூட்டையாகிக் கப்பலுக்குப் போகும். அதை எந்த ஊர்க்காரன் தின்றானோ, எங்களுக்குத் தெரியாது.

அவளுக்குக் கனத்த உடம்பு. காலடிப்பேட்டையிலிருந்து நடந்து வருவாள், அதுவும் ஆடி அசைந்து. கண் எப்போதும் பாதிதான் திறந்திருக்கும். முழிப்பு இன்னும் வந்து சேரவில்லை என்பது போல ஒரு சிரிப்பு முகத்தில் நிற்கும். கோணியை விரிப்பாள், காலை நீட்டுவாள், முறத்தை மடிக்கு இழுத்துக்கொள்வாள். பிறகு, "நேத்து இன்னா ஆச்சு தெரியுமா?" என்பாள். புதிதாக வந்தவள் யாராவது இருந்தால் தெருவில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொள்வாள். எங்களுக்குத் தெரியும், அது கனவு.

"காசிமேட்டாண்ட கடலு வத்திப் போச்சுடி. சொட்டுத் தண்ணி இல்ல. மணல்ல ட்ராம் ஓடுது. நம்ம எல்லாரும் ஏறிக் குந்திகினு கப்பலுக்குப் போறோம். டிக்கெட்டு குடுக்கறவ யாருன்ற? நம்ம சைதானி! காக்கிச் சட்டை போட்டுகினு ஷோக்கா நிக்கிறா."

சைதானி வண்ணாரப்பேட்டைக்காரி. எனக்கு இந்தப் பக்கம் யக்கா, அந்தப் பக்கம் சைதானி. "யா அல்லா! எங்க வூட்டுக்காரரு கேட்டா என்னை வெட்டிப் போட்ருவாரு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "யக்கா, அந்த சட்டை எனுக்கு சரியா இருந்துச்சா?" என்று கேட்பாள்.

ஒரு நாள் என்னைக் கண்டாள். நான் தலையில் ஒரு கிணற்றைச் சுமந்துகொண்டு ஹைரோட்டில் போனேனாம்.

"கெணத்த எப்படி யக்கா தூக்குவாங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதான் தூக்கிகினு வந்தே. ஒரு சொட்டு கீழ சிந்தலடி."

அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சிரிக்காதீர்கள். மாமியார் வாயிலும் புருஷன் வாயிலும் ஒரு நாளும் நல்ல பேர் வாங்காதவள் நான். சிந்தாமல் கிணறு சுமந்தேன் என்று ஒருத்தி சொன்னால் அது எனக்குச் சின்ன விஷயமா?

கனவுக்குப் பலன் கேட்டால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. பச்சையம்மா என்று ஒருத்தி இருந்தாள், எதற்கெடுத்தாலும் வாயை விடுகிறவள். "இதுக்கு இன்னா அர்த்தம் யக்கா? நல்லதா, கெட்டதா?" என்று குடைவாள். "அர்த்தமாவது ஒண்ணாவது. வந்துச்சு, போச்சு. வரவங்க வராங்க. நான் யாரையும் வான்னு கூப்டறதில்ல, யாரையும் போன்னு சொல்றதில்ல" என்பாள் அவள்.

நிஜத்திலும் அவள் அப்படித்தான். இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லவே அவளுக்கு வராது. மீன்காரி கூடையை இறக்கினால், "நீயே பாத்துக் குடு" என்பாள். வளையல்காரர் எந்த நிறம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கடைசியில் அவர் சலித்துப்போய் நிறத்துக்கு ஒன்றாகப் போட்டு அனுப்புவார். ஒரு ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது, இருந்த இரண்டு கோழியில் ஒன்றை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். சாயங்காலம் விருந்தாளிகளுக்குக் கத்திரிக்காய்க் குழம்புதான். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் வரிசை எப்போதும் மற்ற வரிசைகளுக்கு முன்னால் முடிந்துவிடும். காது அவளிடம் இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். முதலாளியின் கண்ணில் இது பட்டது. அவர் ஒரு வயதான பாய், நல்ல மனுஷர், அதட்டிப் பேசமாட்டார். அப்போது பழைய மேஸ்திரி கண் தெரியவில்லை என்று ஊருக்குப் போய்விட்டிருந்தான். பாய் வந்து எங்கள் வரிசைக்கு முன்னால் நின்று, "இந்த வரிசையை ஓட்டறது யாரு?" என்றார். கணக்குப்பிள்ளை அவளைக் காட்டினார்.

"இனிமே நீதான் தாயி மேஸ்திரி."

அவள் பயந்துவிட்டாள். "எனுக்கு எதுக்கு பாய் அது? நான் சொம்மா குந்திகினு பேசிகினு கீறேன்."

"உக்காந்து பேசியே இவ்வளவு வேலை வாங்கறே. நின்னு வாங்கினா எப்படி இருக்கும்? எழுந்திரு, எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. எங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். அவளுடைய புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு போய்க் கட்டிலோடு கிடந்தார். மேஸ்திரி என்றால் மாதச் சம்பளம், வேலை இல்லாத நாளுக்கும் உண்டு. அதனால் நாங்களேதான் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம். கைதட்டினோம்! ஆண்பிள்ளை மேஸ்திரிகளையே பார்த்த குடோனில் எங்களில் ஒருத்தி மேஸ்திரி ஆகிறாள் என்றால் சும்மாவா? மேஸ்திரிக்கு அடையாளமாகப் பாய் ஒரு கறுப்புக் குடை கொடுத்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாம் அன்றாடக் கூலி. வேகன் நிறைய வந்தால் எல்லாருக்கும் வேலை. சரக்குக் குறைந்த நாளில் பாதிப் பேருக்குத்தான். காலையில் கேட்டுக்கு வெளியே கூட்டமாக நிற்போம். மேஸ்திரி விரலை நீட்டி, நீ வா, நீ வா என்பான். விரல் படாதவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பழைய மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி சபித்திருக்கிறோம். மேஸ்திரி என்றாலே அந்த விரல்தான் என்பது கைதட்டும்போது எங்களுக்கு ஞாபகமில்லை.

முதல் நாள் காலையிலேயே சரக்குக் குறைவு. அவள் கேட்டாண்ட மடக்கின குடையோடு நின்றாள். எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. உள்ளேயிருந்து கணக்குப்பிள்ளை, "இன்னா மேஸ்திரி, ஆளை அனுப்பு!" என்று கத்தினார். அவள் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். எல்லாரும் திமுதிமுவென்று உள்ளே போனோம். மத்தியானத்துக்குள் பருப்பு தீர்ந்துவிட்டது. ஆளுக்கு அரைக் கூலி. அடுப்பு எரியாத கூலி.

பாய் அவளைக் கூப்பிட்டார். நான் பெருக்கிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

"ஆளைப் பொறுக்கு தாயி. கடலையைப் பொறுக்கறே இல்ல? அதே மாதிரிதான்."

"கடலைக்கு மூஞ்சி இல்லையே பாய்."

"நாளைக்கும் இப்படின்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். உன் புருஷனை யோசிச்சுக்க."

மறுநாள் அவள் கேட்டாண்ட வந்து நின்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். மயக்கமோ என்று பயந்தோம். "நேத்து இன்னா ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

"எர்ணாவூர் உப்பளம் பூரா மல்லிப்பூ காய வெச்சிருக்காங்க. எங்க பாத்தாலும் வெள்ளை. சைதானி முறத்தால வாரிகினு கீறா. சைதானி, நீ உள்ள போ. பச்சையம்மா பூவை மூட்டை கட்டறா, மூட்டை காத்துல பறக்குது, அவ கயித்தப் புடிச்சிகினு கூடவே பறக்கறா. நீயும் போடி..."

அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். கனவில் வந்தவர்கள் உள்ளே போனார்கள். கனவு முடிந்தபோது அன்றைக்கு வேண்டிய ஆள் கணக்கு சரியாக இருந்தது. கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அடேயப்பா! தான் யாரையும் பொறுக்கவில்லை, யாரையும் போகச் சொல்லவும் இல்லை. வந்தவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். அன்று வெளியில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. கோபமே வரவில்லை. கனவில் வராததற்கு யாரைத் திட்டுவது? சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

கொஞ்ச நாள் இது திருவிழா மாதிரி இருந்தது. பக்கத்து மிளகாய் மண்டி ஆட்கள்கூடக் காலையில் கனவு கேட்க வந்து நிற்பார்கள். பிறகு எங்களுக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. பச்சையம்மா வஞ்சிரத் துண்டு ஒன்றை வாழையிலையில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தாள். சைதானி பெருநாள் பிரியாணியை முதலில் அவள் வீட்டுக்கு அனுப்பினாள். தூங்கப் போகிறதுக்கு முன்னால் கடைசியாக எந்த முகத்தைப் பார்க்கிறோமோ அந்த முகம்தான் கனவில் வரும் என்று எவளோ கிளப்பிவிட்டாள். அவ்வளவுதான், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காலடிப்பேட்டையில் அவள் தெரு முழுக்கக் கடலைக் குடோன் பெண்கள். ஒருத்தி மண்ணெண்ணெய் வாங்க வந்தேன் என்பாள், ஒருத்தி மாமியாருக்கு மருந்து என்பாள். எல்லாரும் அவள் வாசலைத் தாண்டி நகரவே மாட்டார்கள். நானும்தான் போனேன். எனக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கட்டிலில் கிடந்த அவள் புருஷன், "இன்னாமே இது, நம்ம வூட்டாண்ட தேர் கீர் வருதா?" என்று கேட்பார். அவள் கதவைச் சாத்தவும் முடியாமல், திறக்கவும் முடியாமல் நிற்பாள்.

அவளுக்குத் தூக்கம் கெட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. கனவுகளும் மெலிந்தன. ஒரு காலையில் கண்ணை மூடி, "நேத்து கனாவுல இந்த கேட்டுதான் வந்துச்சு. நீங்க எல்லாரும் அங்கியும் நின்னுகினு கீறீங்கடி. என்னைப் பாத்துகினே கீறீங்க" என்றாள்.

பச்சையம்மா உடனே, "முன்னால நின்னது யாரு யக்கா?" என்றாள். அவளை அப்போதே ஓங்கி ஒன்று போடலாம் என்று இருந்தது எனக்கு. ஆனால் பதிலுக்கு நானும்தான் காத்திருந்தேன்.

இன்னொரு நாள், "ஒரு ஆடு மட்டுந்தான் வந்துச்சு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து, அவரே ஆள் பிரித்து அனுப்பினார். அன்று சாயங்காலமே பாய் காதுக்கு விஷயம் போயிற்று.

இந்தக் கூட்டத்தில் கன்னியம்மா என்று ஒரு சின்னப் பெண். குப்பத்துக்காரி. புயலில் கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையும், இடுப்பளவு உயரத்தில் ஒரு பிள்ளையும். அவள் எங்களுக்குப் புதுசு. அதனாலோ என்னவோ, யக்காவின் கனவில் ஒரு நாள்கூட வரவில்லை. சரக்குக் குறைந்த நாளெல்லாம் அவள் வெளியேதான். மீனும் கொண்டுபோகவில்லை, சாயங்காலம் தெருவுக்கும் வரவில்லை. கேட்டுத் தூணை ஒட்டி நிற்பாள். கனவு முடிந்ததும் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விடுவாள்.

தொடர்ந்து சரக்குக் குறைந்த ஒரு வாரம். கன்னியம்மாவின் கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. அன்றைய கனவிலும் அவள் வரவில்லை, நான் வந்திருந்தேன். நான் உள்ளே போகிறபோது அவள் யக்காவிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, உன் கனாவுக்கு எந்த வழியா வரணும்? எனுக்கு வழி தெரியலையே."

கிண்டல் இல்லை, சண்டை இல்லை. பஸ்ஸுக்கு வழி கேட்பது போலக் கேட்டாள். யக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னியம்மா தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலையில் பாயே கேட்டாண்ட வந்து நின்றிருந்தார், இந்தக் கூத்து என்னவென்று பார்ப்பதற்கு. யக்கா வந்தாள். கண்ணை மூடவில்லை.

"நேத்து கன்னியம்மா வந்தா. வூட்ல வெளக்கு ஏத்தி வெச்சிகினு, புள்ளைங்களுக்குச் சோறு போட்டுகினு கீறா. சுடுசோறு. ரெண்டும் வயிறு ரொம்பத் துன்னுதுங்க. கன்னியம்மா, நீ உள்ள போம்மா."

பொய்! எங்கள் எல்லாருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவள் கனவில் யாரும் விளக்கு ஏற்றியதில்லை, சோறு போட்டதில்லை. வற்றின கடலில் ட்ராம் ஏறுவோம், மூட்டையைப் பிடித்துக்கொண்டு பறப்போம். அவள் கனவு ஒன்றுக்காவது தலை உண்டா, வால் உண்டா? இதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பச்சையம்மா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். மூடிக்கொண்டாள்.

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். யக்கா நிறுத்தவில்லை. எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாருக்கு வீட்டில் சம்பாதிக்க ஆள் இருக்கிறது, யாருக்கு இல்லை, யார் நேற்று உள்ளே போனாள், யார் போகவில்லை, எல்லாம் அவள் கண்ணில் ஓடியது தெரிந்தது. அவரவர் பெயரைச் சொல்லி ஏதோ ஒரு கனவை ஒட்டினாள். அந்தக் கண் அவ்வளவு அகலமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சரியான ஆட்கள் உள்ளே போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததும் சரிதான், என் புருஷனுக்கு அப்போது வேலை இருந்தது.

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "கனாவோ என்னவோ, ஆளைப் பாத்துப் பொறுக்கினே பாரு, அதுதான் வேலை. இன்னிக்குத்தான் தாயி நீ மேஸ்திரி ஆனே!"

அவர் மெச்சித்தான் சொன்னார். அவள் முகம் செத்துப்போனது. குடையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இத்த வாங்கிக்க பாய்."

"ஏன்? இப்பதானே சரியாப் பண்ணே?"

"அதான் பாய். இத்தினி நாளு வெளிய நின்னவங்க தானா நின்னாங்க. இன்னிக்கி நிக்க வெச்சது நானு."

பாய்க்குப் புரியவில்லை. எங்களுக்கே அன்று புரியவில்லை. "உனுக்கு மூளை கீதா யக்கா? மாசச் சம்பளத்தை எவளாவது வுடுவாளா?" என்று நான் சண்டைக்குப் போனேன். அவள், "தூக்கம் வருதுடி" என்றாள்.

கணக்குப்பிள்ளையின் மச்சான் மேஸ்திரியாக வந்தான். விரல் நீட்டினான். அவள் எங்களோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். கனத்த உடம்பு, மெதுவான கை என்று அவளைப் பல நாள் விட்டுவிட்டான். "போடி, நீ உள்ள போ. நான் அப்பால வரேன்" என்று எனக்கு விடை கொடுத்துவிட்டுக் காலடிப்பேட்டைக்கு நடப்பாள். கன்னியம்மா தன் சோற்றில் பாதியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு ஒரு பெரிய கப்பல் வந்தது. எல்லாருக்கும் வேலை. அவள் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வரிசை முழுக்கக் கை ஓடாமல் நின்றது. கடைசியில் சைதானிதான் கேட்டாள்.

"தூங்கினியா யக்கா?"

"தூங்கினேன்டி. எத்தினி நாளைக்கு அப்பறம்!"

"கனா வந்துச்சா?"

"வந்துச்சு." அவள் முகம் மலர்ந்திருந்தது, பழையபடி கண் பாதி மூடியிருந்தது. "கடலுடி. விடியக்காலம். அலைகூட இல்ல. கரையில ஒரு கட்டுமரம் இல்ல, ஒரு ஆளு இல்ல. யாருமே இல்லடி! எங்க திரும்பினாலும் யாருமே இல்ல. நான் மட்டும் குந்திகினு கீறேன். இன்னா நிம்மதி தெரியுமா!"

சொல்லிவிட்டு எங்களைச் சந்தோஷமாகப் பார்த்தாள், நாங்களும் சந்தோஷப்படுவோம் என்று. "ஷோக்கா கீது யக்கா" என்றாள் சைதானி. நான் முறத்தில் குனிந்துகொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதன் பிறகும் பல வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை பொறுக்கினேன். தினமும் கனவு சொல்வாள். கடல் சொல்வாள், மேகம் சொல்வாள், வெறும் மணல் சொல்வாள். எங்களில் ஒருத்திகூட அதற்குள் மறுபடி போகவில்லை.